மஞ்சள் ஃபில்டரின் வயது

அன்று மாடியில் ஐந்து பேர் இருந்தோம். யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பொருளைக் கை மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு பிறகு வரக்கூடாது.

மெத்தை போர்த்திய கணப்பு மேசையின் ஜன்னல் பக்கம் தொகிவா அம்மாள். கல்யாணப் படமும் பள்ளிக்கூடக் குழுப் படமும் எடுக்கிற ஸ்டுடியோக்காரி. அலமாரிப் பக்கம் குவாபாரா. கீழே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையும் இந்த மாடியும் அவருடையவை. சுவர்ப் பக்கம் நான், மிமுரா. நகரக் குடிநீர் அலுவலகத்தில் உத்தியோகம். எங்கள் பழைய கேமரா ஃபில்டர் வட்டத்துக்குச் செயலாளர். படிக்கட்டுப் பக்கம் விருந்தாளியாக வந்த மினேகிஷி ஷூகிச்சி. அவருடைய அம்மா ஃபுசாயே மட்டும் மேசைக்கு வரவில்லை. படி முடிகிற இடத்தில் ஒரு திண்டைப் போட்டுக்கொண்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மேசை நடுவில் துருப்பிடித்த ஒரு மிட்டாய் டப்பா. அதற்குள் ஒரே ஒரு மஞ்சள் ஃபில்டர்.

1977ஆம் வருடம், நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாட்சுமோதோவில் இன்னும் பனி விழவில்லை. ஆனால் ஜன்னல் வழியே தெரிந்த மலைகள் தோள்வரை வெளுத்திருந்தன. மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் கெட்டில் முனகிக்கொண்டிருந்தது. கீரை ஊறுகாயும் தேநீரும் வைத்திருந்தோம். ஷூகிச்சி எதையும் தொடவில்லை.

தொகிவா அம்மாள், குவாபாரா, நான், மூவர்தான் வட்டம். அதன் வேலை சிறியது. லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற பழைய ஃபில்டர்களை யாராவது அனுப்பினால், எந்தக் காலத்தில் செய்தது என்று பார்த்துச் சொல்வோம். வளையம் பித்தளையா அலுமினியமா, மரை போட்டுத் திருகுவதா வெறுமனே செருகுவதா, எழுத்து எப்படிப் பொறித்திருக்கிறது, கண்ணாடியில் பூச்சு உண்டா என்று பார்த்தால் ஏறக்குறைய வருடம் பிடிபட்டுவிடும். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பேசாமல் பார்த்து, ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால்தான் நான் பதில் கடிதம் எழுதுவேன். ஒத்துப்போகாவிட்டால் கடிதம் கிடையாது. பழைய சண்டைகளால் வந்த விதி இது.

"எங்கப்பா 1949 பிப்ரவரியில மலைக்குப் போனாரு, படம் எடுக்க," என்றார் ஷூகிச்சி. "எனக்கு அப்ப ஒரு வயசு. திரும்பல. இந்தக் கோடையில அந்தப் பக்கத்து பனிச்சரிவு என்னைக்கும் இல்லாத அளவுக்கு உருகியிருக்கு. மலை விடுதிக்காரர் இந்த டப்பாவ எடுத்துட்டு வந்து குடுத்தாரு. பேரு கீரு ஒண்ணும் இல்ல."

"அதனால?" என்றேன்.

"1949க்கு முந்தினதுன்னா எங்கப்பாவோடது. பிந்தினதுன்னா வேற யாரோ ஏறினவங்களோடது. அவ்வளவுதான் வேணும்."

அவ்வளவுதானா என்பதுபோல தொகிவா அம்மாள் அவரைப் பார்த்தார். ஷூகிச்சி தலையைக் குனிந்துகொண்டு மீதியையும் சொன்னார்.

குடும்பக் கல்லறையில் அப்பா பெயரும் அம்மா பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டியிருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் பெயருக்குச் சிவப்புச் சாயம் போட்டிருக்கும். செத்தபிறகு அதைச் சுரண்டி எடுப்பார்கள். கோர்ட்டும் ஊர்ப் பதிவேடும் அப்பாவைச் சாகடித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. கல்லில் மட்டும் அவர் உயிரோடு இருக்கிறார். சாயம் வெளுக்க வெளுக்க, ஒவ்வொரு இலையுதிர்காலமும் அம்மா தூரிகையும் சாய டப்பாவுமாகக் கோயில் குன்றின் பாசி பிடித்த படிகளில் ஏறிப்போய்ப் பூசிவிட்டு வருகிறார்.

"போன வருஷம் விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போச்சு. இந்த வருஷமும் டப்பா வாங்கி வச்சிருக்கா. இன்னொரு தடவை விழுந்தா அந்தக் கல்லுல அவ பேருக்குத்தான் சாயத்தச் சுரண்டணும்."

படிப் பக்கத்திலிருந்து ஃபுசாயே அம்மா மெதுவாகச் சொன்னார்: "அவரோடதுன்னு இவங்க எழுதிக் குடுத்தா நான் விட்டுடறேன்னு சொல்லியாச்சில்ல. சும்மா இரு."

வேலையை ஆரம்பித்தோம்.

பூச்சைப் பார்க்க ஒரு வழக்கமான முறை உண்டு. கண்ணாடியில் வாயை வைத்து 'ஹா' என்று மூச்சு விட்டு, மென்துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சம் அதில் எந்த நிறத்தில் திரும்புகிறது என்று சாய்த்துப் பார்ப்போம். வெள்ளையாகத் திரும்பினால் பூச்சு இல்லை, பழையது. ஊதாவாகத் திரும்பினால் போருக்குப் பிந்தியது. பச்சை அடித்தால் இப்போதைய பல அடுக்குப் பூச்சு. கேமராக்காரர்கள் யாருமே யோசித்துச் செய்கிற காரியமில்லை இது. கண்ணாடியைக் கையில் எடுத்தால் வாய் தானாகப் போகும்.

குவாபாரா ஊதினார், துடைத்தார், பார்த்தார், எழுதினார்.

தொகிவா அம்மாள் ஊதினார், துடைத்தார். புருவம் சுருங்கியது. எழுதினார்.

நான் ஊதினேன். துடைக்கும்போது விரலுக்குக் குளிர் ஏறியது. அடுப்புக்கும் கணப்பு மேசைக்கும் நடுவில் வெகுநேரம் கிடந்த பொருள் அவ்வளவு குளிர்ந்திருக்கக் கூடாது. சாய்த்தேன். வெளிச்சம் இளம் ஊதாவில் திரும்பியது. எழுதினேன்.

சீட்டுகளைத் திருப்பினோம்.

குவாபாரா எழுதியது: செருகு வகை, பிளவு வெட்டிய பித்தளை வளையம், பூச்சு இல்லை, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிசினால் ஒட்டிய மஞ்சள் தாள். போருக்கு முந்தியது.

தொகிவா அம்மாள் எழுதியது: மரை போட்டது, அமெரிக்கப் படை இருந்த காலத்தில் ஏற்றுமதிச் சாமான்களில் பொறித்த வாசகம் வளையத்தில் இருக்கிறது. போர் முடிந்த ஐந்தாறு வருடங்களுக்குள்.

நான் எழுதியது: அலுமினிய வளையம், அப்படி வாசகம் எதுவும் இல்லை, ஊதாப் பூச்சு. 1955 வாக்கில்.

தொகிவா அம்மாள் மூன்று சீட்டையும் தன் பக்கம் இழுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"ஏன் குவாபாரா-சான்," என்றார் தொகிவா அம்மாள், "ஊருக்கே மூக்குக்கண்ணாடி மாட்டி விடறீங்க. உங்களுக்கு யாரும் மாட்டி விடலயா?"

"பித்தளை கையில கனத்துச்சும்மா. பிளவுல நகத்தை விட்டே பாத்தேன்."

"மரையில என் நகம் ஏறி இறங்கிச்சு. அப்ப அது யார் நகம்?"

"மிமுராவக் கேளு. வாசகமே இல்லங்கிறான்."

குவாபாரா அதை மறுபடியும் எடுத்தார். அவர் முகம் தொங்கிப்போனது. கையில் இருந்தது நான் எழுதிய பொருள். பளபளவென்ற அலுமினியம்; பிளவும் இல்லை, வாசகமும் இல்லை.

"யார் மாத்தினது?"

மெத்தையைத் தூக்கினோம். பையைக் கவிழ்த்தோம். சட்டைப் பாக்கெட்டுகளைக்கூட வெளியே இழுத்துக் காட்டினோம். வயதான மூன்று பேர், விருந்தாளிகளுக்கு முன்னால். ஷூகிச்சி வாட்சைப் பார்த்தார்.

"மூணு பெரியவங்க, ஒரு வட்டக் கண்ணாடி," என்றார். "உள்ளங்கையில வச்சிருக்கிற பொருள் பித்தளையா இல்லையான்னு சொல்ல முடியல. இதுக்கு ஒரு வட்டம், ஒரு செயலாளர்."

எனக்குக் காது சுட்டது. குழாய்க் கணக்கிலிருந்து இந்தச் சீட்டுவரை ஒரு காரியத்தை இரண்டு முறை சரிபார்க்காமல் நான் விட்டதில்லை.

ஃபில்டரை எங்களிடமே விட்டுவிட்டு அவர்கள் போனார்கள். படியிறங்கும்போது ஃபுசாயே அம்மா ஒரு நிமிடம் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"இங்க ஈரக் கம்பளி ஏதாச்சும் காயப் போட்டிருக்கீங்களா?"

எதுவும் காயப் போடவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஃபில்டர் குவாபாராவிடம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் ஒவ்வொரு செய்தி சொல்வார். மரையின் நெருக்கம் மாறிவிட்டது என்பார். எழுத்து மெலிந்துவிட்டது என்பார். பூச்சு ஆழமாகிவிட்டது என்பார். "ஊதித் துடைச்சுப் பாக்கறப்பல்லாம் புதுசாவுதுய்யா இது. எனக்குப் பைத்தியம் பிடிக்குது." நான் எரிந்து விழுந்தேன். ஒழுங்காக ஒரு பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கத் தெரியாதா என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவர் இன்னும் அதிகமாக ஊதிப் பார்த்திருக்கிறார்.

வாரக் கடைசியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போனேன். குவாபாரா கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்து உடைத்துப் பேசினார்.

"டாக்டர் கேக்கறாரு... சமீபத்துல உசரமான மலைக்கு... போனீங்களான்னு. நான் என் மாடியத் தாண்டி எங்கயும்... போகலைன்னேன்."

"என்னதான் ஆச்சு?"

"மேல இருக்கு. எடுத்துட்டுப் போயிடு. வெயில் இருக்கறப்பவே... போ."

தனியாக மாடியேறினேன்.

ஜன்னல் நிறைய நடுப்பகல் வெயில். தெருவில் டோஃபு விற்பவனின் ஊதல் கேட்டது. அடுப்பை யாரும் பற்ற வைத்திருக்கவில்லை. ஃபில்டர் மேசைமேல், டப்பாவுக்கு வெளியே, ஒரு வெள்ளைத் தாளில் கிடந்தது. அந்த வாசனை இப்போது எனக்கும் வந்தது. நனைந்த கம்பளி. அதற்கு அடியில் வேறொன்று, வெகுகாலம் மூடிக்கிடந்த பனியின் சில்லிட்ட இரும்பு வாசனை.

உட்கார்ந்தேன். இந்த முறை ஒழுங்காகச் செய்வது என்று முடிவு. கை படாமல், பூதக்கண்ணாடியால் மட்டும்.

குனிந்தேன்.

"ஹா."

நான் இல்லை.

தலையைத் தூக்கினேன். அறையில் யாரும் இல்லை. டோஃபுக்காரன் தெருமுனை தாண்டிவிட்டான்.

கண்ணாடி மங்கியிருந்தது. மூச்சின் ஆவி படிந்திருந்தது மேல் பக்கத்தில் இல்லை. தாளைத் தொட்டுக் கிடந்த அடிப்பக்கத்தில்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மங்கலில் ஓரத்திலிருந்து ஒரு வளைவு தெளிந்தது. கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒருவர் பொறுமையாக வெளியிலிருந்து நடுவுக்குச் சுழற்றித் துடைப்பதுபோல. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கடைசியில் விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் இரண்டாவது தடவை அழுத்தித் துடைத்தது.

கண்ணாடி சுத்தமாகிவிட்டது.

அதன்மேல் விழுந்த ஜன்னல் வெளிச்சம் பச்சையாகத் திரும்பியது.

டப்பாவில் போட்டு மூடி, அதைக் கைக்குட்டையில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் மாலைவரை உட்கார்ந்திருந்தேன். எந்த ஃபைலையும் திறந்ததாக ஞாபகம் இல்லை.

மறுநாள் ஞாயிறு. மறுபடியும் ஐவரும் கூடினோம். குவாபாராவுக்கு மாடியேற முடியாததால் கீழே, கடைக்குள்ளேயே. சுவர் முழுக்க வெறும் கண்ணாடிச் சட்டங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த முறை யாரும் ஊதக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பார்த்தோம், எழுதினோம், கவிழ்த்தோம்.

வட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இப்படி ஒத்துப்போனதில்லை. மூன்று சீட்டிலும் ஒரே செய்தி. பல அடுக்குப் பூச்சு, மெல்லிய கறுப்பு வளையம், விளிம்பில் நுணுக்கமான வரி, வெள்ளை எழுத்து. தொகிவா அம்மாள் மட்டும் தன் சீட்டோடு மடித்த தாள் ஒன்றை வைத்தார். மொத்த வியாபாரி ஸ்டுடியோக்களுக்கு முன்கூட்டி அனுப்பிய விளம்பரத் தாள். அதில் இருந்த படமும் கையில் இருந்த பொருளும் ஒன்று.

"இது அடுத்த வசந்தத்துல கடைக்கு வரப்போகுது," என்றார். அவருடைய வழக்கமான கேலி குரலில் இல்லை. "இன்னும் யார் கையிலயும் குடுக்கல. நான் போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

ஷூகிச்சி ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மிமுரா-சான். எனக்கு ஃபில்டர் தெரியாது. உங்க விளையாட்டும் புரியல. '1949க்கு முந்தினது'ன்னு ஒரு வரி. உங்க முத்திரை. எங்கம்மா அந்தப் படியில ஏற மாட்டா. ஒரு வரி எழுத உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"முதல்ல அப்படித்தான் இருந்துச்சு," என்றார் குவாபாரா மூச்சு வாங்க. "பித்தளை... சத்தியமா."

"அப்ப எழுதுங்களேன்."

"மூணு பேரும் பார்த்தது அது இல்ல," என்றேன். என் குரல் எனக்கே எரிச்சலாக இருந்தது. எழுதிவிடலாம்தான். பித்தளை என்று குவாபாரா பார்த்தது பொய்யில்லை. ஆனால் மேசைமேல் கறுப்பு வளையம் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு பித்தளை என்று எழுத என் கை வராது.

ஷூகிச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டுக் காரைக் கொண்டுவரப் போனார். கதவு மணி கிணுகிணுத்து நின்றது.

ஃபுசாயே அம்மா மேசையருகே வந்தார். அதுவரை அவர் ஃபில்டரைக் கிட்டத்தில் பார்க்கவே இல்லை. கையில் எடுக்காமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுல நீங்க ஊதினீங்களா?"

குவாபாரா தலையசைத்தார்.

"எத்தன பேரு?"

"மூணு பேரும் அம்மா."

"அவரு மத்தவங்கள ஊத விடவே மாட்டாரு. கல்யாணம் ஆன புதுசுல தொடச்சு வைக்கலாம்னு ஒரு தடவ நான் ஊதிட்டேன். ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தாரு. கண்ணாடிக்கு ஒரு ஆளோட மூச்சுதான் பழகணுமாம்." சிரித்தார். பல் தெரியாத சின்னச் சிரிப்பு. "கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே புதுசு அவரு கையில இருக்கணும். அதுக்காகவே தோக்கியோவுக்கு ரயிலேறுவாரு."

தொகிவா அம்மாள் தன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"மிமுரா-சான், அவரு செத்துட்டாரா?"

"தெரியல அம்மா."

"அப்ப தெரியலைன்னே எழுதுங்க. இதைத் தபால்ல என் பேருக்கு அனுப்புங்க. இவன் கையில குடுத்துடாதீங்க, ஆத்துல வீசிடுவான்."

"குவாபாரா-சானப் பாருங்க. ஒரு வாரம் ஊதினதுக்கே இப்படி ஆயிட்டாரு. அனுப்பினா நீங்க அதை..."

"என்கிட்ட இன்னும் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருக்கு," என்றார் அவர், அரிசி மிச்சம் இருக்கிறது என்று சொல்வதுபோல. "படியேறச் செலவு பண்ணினா இவன் திட்டறான். வீட்டுல உக்காந்தே செலவு பண்றேன்."

வெளியே கார் ஹாரன் அடித்தது. அவர் போய்விட்டார்.

திங்கட்கிழமை அலுவலகம் முடிந்ததும் தபால் நிலையத்திலேயே எழுதும் மேடையில் நின்றுகொண்டு கடிதத்தை எழுதினேன். வீட்டுக்கு அந்தப் பொருளை எடுத்துப்போக மனம் வரவில்லை. நான்கு தடவை கிழித்தேன். 'முந்தியது' என்று எழுதினால் அந்த அம்மாள் படியேற மாட்டார்; ஆனால் நான் பார்த்தது அது இல்லை. அனுப்பாமலே நானே ஆற்றில் போட்டுவிடலாம். ஆனால் அது என் பொருள் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர். இவ்வளவு சின்ன வளையம் ஒரு மனிதனை இவ்வளவு முட்டாளாக்கும் என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் இப்படி முடித்தேன்:

'வட்டத்தின் மூன்று உறுப்பினர்களும் ஒருமனதாகக் கண்டது: வரும் வசந்த காலத்தில் செய்யப்படுவது. கல்லில் உள்ள சிவப்பை எடுப்பதற்கான ஆதாரம் எங்களிடம் இல்லை. சாயத்தைக் கோயில் ஆளை விட்டுப் பூசச் சொல்லுங்கள், தாங்கள் ஏற வேண்டாம். ஃபில்டரை உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கவும். தயவுசெய்து ஊத வேண்டாம்.'

கடைசி வரியின் கீழ் கோடு போட்டேன். அதை அவர் மதிக்கமாட்டார் என்று தெரிந்தே போட்டேன்.

ஃபில்டரைப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் வைத்து, கடிதத்தோடு கனமான உறையில் இட்டு, பசை தடவி மூடினேன். மூடிய இடத்தில் என் முத்திரை வைக்க வேண்டும். முத்திரைக் கட்டையில் வாயை வைத்து ஊதி ஈரமாக்கிவிட்டுப் பதிப்பது எங்களூரில் எல்லோருக்கும் பழகிப்போன காரியம். உதடுவரை கொண்டுபோய் நிறுத்திக்கொண்டேன். ஊதாமலே அழுத்தினேன். பெயர் பாதிதான் விழுந்தது. பரவாயில்லை.

கவுண்டரில் இருந்த பெண் உறையை எடை போட்டாள், தபால்தலை ஒட்டினாள். தேதி முத்திரையை எடுத்தாள். குளிரில் ரப்பர் விறைத்துப்போயிருந்தது. முதல் தடவை பதியவில்லை.

"இருங்க சார்," என்று சொல்லிவிட்டு, உறைக்கு நேர் மேலே முத்திரையைப் பிடித்து, வாயைக் கிட்டே கொண்டுபோனாள்.

"வேண்டாம்மா," என்றேன். சத்தம் வெளியே வரவில்லை.

"ஹா," என்று ஊதினாள்.

"ஹா," என்றது உறைக்குள்ளிருந்து. அவளுடையதைவிடக் கொஞ்சம் நீளமாக, ஆசுவாசமாக.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏதாச்சும் சொன்னீங்களா?"

நான் இல்லை என்று தலையசைத்தேன். அவள் முத்திரையைக் குத்தினாள். உறையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் ஈரமாக மேலெழும்பிக்கொண்டிருந்தது. அப்புறம் ஓரத்திலிருந்து, ஒரு சுற்று, இன்னொரு சுற்றாக, யாரோ துடைப்பதுபோலக் காய்ந்தது. அதற்குள் அவள் அதைப் பின்னால் இருந்த பைக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள்.